மோஃபின் விட்டுவைத்த ஆறு நொடி

மூன்று மாதமாக ரஸ்ஸல் டாப்லி எதற்குப் பயந்துகொண்டிருந்தானோ, அது ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ரோம்ஃபோர்ட் சந்தைக்குப் பின்னால் க்ளைவின் இசைத்தட்டுக் கடையில் தட்டச்சுக் கடிதமாக வந்து கிடந்தது. ஒரே ஒரு பக்கம்தான். மேலே தொலைக்காட்சி நிறுவனத்தின் முத்திரை.

“படி,” என்றான் க்ளைவ். “நல்ல சேதி மேல இருக்கு. கெட்டது கீழ.”

க்ளைவுக்கு நாற்பது வயது. வழுக்கைத் தலை, வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய். கடையின் பின்னறையில் இருந்துகொண்டே ஐந்நூறு ஐந்நூறாக நடனத் தட்டுகள் அடித்து, பேர்கூட அச்சிடாத வெள்ளைச் சிட்டை ஒட்டி, காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு எஸ்ஸெக்ஸ் முழுக்க விற்றுவருகிற ஆள். ரஸ்ஸலின் பாட்டையும் ஏப்ரலில் அப்படித்தான் அடித்தான். அது இப்படிப் பற்றிக்கொள்ளும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. பழைய கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் ஆயிரக்கணக்கில் கூடி ஆடுகிற ரேவ் கூட்டங்களில் அந்தத் தட்டு சுழலாத வாரமே இல்லை என்றாகிவிட்டது. இப்போது லண்டன் கம்பெனி ஒன்று ஆகஸ்ட் மாதம் அதை நாடு முழுக்க வெளியிடுகிறேன் என்று நிற்கிறது. வெளியிட்டால் உறைந்த பட்டாணி மூட்டைகளை அடுக்கும் குளிர்கிடங்கு வேலையை ரஸ்ஸல் விட்டுவிடலாம். பதினாறு வயதிலிருந்து ஏழு வருடமாக அவன் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

பாட்டு என்று சொன்னால் பாட்டுக்கே கோபம் வரும். மேளம் தலைதெறிக்க ஓடும், திடீரென்று நிற்கும். ‘கதவைத் தட்டுறது யாரு?’ என்று மோஃபின் கேட்கும். மோஃபின் என்பது எழுபதுகளில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளெல்லாம் டீவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த முள்ளெலிப் பொம்மை. அதற்கு ஒரு குழந்தை ‘நான்தான்’ என்று கத்தும். ‘அட, நீதானா? உள்ளே வா, உள்ளே வா,’ என்று பொம்மை கூப்பிட, மறுபடி மேளம் இடிக்கும். அந்த ‘நான்தான்’ வரும் இடத்தில் மைதானம் மொத்தமும் சேர்ந்து கத்தும்.

அனுமதி கேட்டதற்குப் பதிலாக வந்த அந்தக் கடிதத்தின் மேற்பாதி, பொம்மையின் குரலைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. கீழ்ப்பாதியை க்ளைவே விரலால் தடவித் தடவி உரக்கப் படித்தான்.

“‘பதில் சொல்லும் குழந்தையின் குரல் எங்கள் நிகழ்ச்சியைச் சேர்ந்தது அல்ல. பொம்மை கேள்வி கேட்டதும், வீட்டில் இருக்கும் குழந்தைகள் பதில் சொல்வதற்காக ஆறு நொடி மௌனம் விடுவது எங்கள் வழக்கம். அந்த இடத்தில் எங்கள் பதிவில் யாரும் பேசுவதில்லை.’ யாரும் பேசலையாம் ரஸ். அப்ப இந்தப் பொண்ணு யாருடா? நீ எல்லாமே டீவியிலேர்ந்து எடுத்ததுன்னு சொன்னே.”

ரஸ்ஸல் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒரு பொய் சொல்லலாமா என்று பார்த்தான்.

“என் தங்கச்சி,” என்றான். “கெர்ரி.”

“அட இவ்வளவுதானா. போன் போட்டு வரச் சொல்லு, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். அவளுக்கு ஒரு பீர் என் கணக்கு.”

“செத்துப்போயிட்டா, க்ளைவ். நாலு வயசுல.”

கடையில் ஓடிக்கொண்டிருந்த தட்டின் மேலிருந்து க்ளைவ் ஊசியை எடுத்து வைத்தான். தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். க்ளைவ் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினான்.

“உங்கம்மா இதைக் கேட்டிருக்காங்களா?”

“இல்ல.”

“கடவுளே,” என்றான் க்ளைவ். அப்புறம், பாவம், வியாபாரி அல்லவா, கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான். “குழந்தைக் குரல்னா பெத்தவங்க யாராவது ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்னு லண்டன் வக்கீல் ஒத்தக் கால்ல நிக்கறான். வியாழக்கிழமைக்குள்ள வேணுமாம். நான் என்னடா பண்ணுவேன்.”

பெற்றவர்களில் அப்பா பீட்டர்பரோவில் வேறு குடும்பத்தோடு இருந்தார். பத்து வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புவதோடு சரி. மிச்சம் அம்மா டோரீன்தான்.

அந்த டேப்பின் கதை இதுதான். ரஸ்ஸலின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கேசட் ரெக்கார்டர் வந்தது. அன்றைக்கு யார் வீட்டிலும் வீடியோ கிடையாது. பிடித்த நிகழ்ச்சியை வைத்துக்கொள்ள வேண்டுமானால் டீவிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் உள்ளவர்களையெல்லாம் வாயை மூடவைத்து, தும்மல்கூட வராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பது வயது முதலாளி அப்படித்தான் அதிகாரம் பண்ணினான். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் மோஃபின் கேள்வி கேட்டு மௌனம் விட்டால் நாலு வயதுக் கெர்ரியால் சும்மா இருக்க முடியுமா? அவளுக்காகத்தானே அந்த மௌனத்தையே விட்டார்கள்? “நான்தான்,” என்று கத்தினாள். டேப் கெட்டுப்போயிற்று என்று ரஸ்ஸலுக்கு வந்ததே கோபம், பளாரென்று ஓர் அறை. அவள் ஓவென்று அழுதாள். எல்லாம் பதிவாயிற்று. ஐந்து வாரம் கழித்து, ஒரு நவம்பர் மாதம், மூளைக்காய்ச்சல் வந்து இரண்டே நாளில் அவள் போய்விட்டாள். 

அதன்பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொன்னதில்லை. டேப் தன்னிடம் இருப்பதை ரஸ்ஸலும் சொல்லவில்லை. சொன்னால் அறைந்ததும் தெரிந்துவிடும். ஒன்பது வயதில் அது ஒரு பயம், பதினைந்தில் வெட்கம், இருபதுக்கு மேல் பழக்கம்.

இந்த வருடம் ஜனவரியில் குரல்களைத் துண்டாக எடுத்துக் கட்டைகளில் வாசிக்கும் இயந்திரம் ஒன்றை, சாம்ப்ளர் என்பார்கள், ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து வந்தான். மோஃபினை வைத்து ஏதாவது செய்யலாம் என்று பழைய டேப்பைப் போட்டான். கெர்ரி ‘நான்தான்’ என்றாள். சட்டென்று நிறுத்திவிட்டான், அறை விழும் முன்பே. அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, குரல் கீச்சென்று ஒலிக்கும்படி ஐந்து கட்டை மேலே ஏற்றி, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை வாசித்தான். ஐம்பது தடவைக்கு மேல் அது தங்கச்சி இல்லை, வெறும் சத்தம் என்றாகிவிட்டது. பதினாலு வருடத்தில் முதல்முறையாக அவனால் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட முடிந்தது. அதில் என்ன தப்பு என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஓட்டினான். செவ்வாய்க்கிழமை காலை ஆறுமணி ஷிப்டை முடித்து மதியம் பாஸில்டனில் வீட்டுக்கு வந்தபோது இனிமேல் தள்ளிப்போட நாளில்லை. இரண்டே முக்காலுக்கு டோரீன் வந்தாள். அவள் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவள். வந்ததும் செருப்பை உதறிவிட்டு, கெட்டிலைப் போட்டுவிட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒப்பிப்பாள்.

“இன்னிக்கும் அதே கூத்து,” என்றாள். “ரெண்டு பல்லு விழுந்த வாலு ஒண்ணு, கரண்டியால மேசையத் தட்டி ‘கதவைத் தட்டுறது யாரு’ங்குது. மொத்த மேசையும் ‘நான்தான்’னு கத்துது. கஸ்டர்ட் ஊத்தவிடல. மோஃபின் நின்னுபோய்ப் பத்து வருஷம் ஆகுதே, இந்தக் குட்டிகளுக்கு எப்படித் தெரியும்?”

“அது என் பாட்டும்மா.”

“எது?”

“நான் போட்டது. அண்ணன்காரங்க கேக்கறாங்கல்ல, அதுலேர்ந்து இதுங்களுக்குத் தொத்திக்கிச்சு.”

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அடப்பாவி, அப்ப உன்னைத்தான் உதைக்கணும். நாளைக்கு அதுங்ககிட்டச் சொல்லப்போறேன் பாரு, இது என் பிள்ளை போட்ட பாட்டுன்னு. ஒழுங்காச் சாப்பிட்டாத்தான் கையெழுத்து வாங்கித் தருவேன்னு.”

அவள் அப்படிப் பெருமைப்பட்டுப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. அப்படியே விட்டுவிடலாமா என்று இருந்தது அவனுக்கு. ஆனால் சட்டைப் பையில் படிவம் மொடமொடத்தது.

“மா, உக்காரு. அதுல வர்ற குழந்தை டீவியில வந்தது இல்ல. நம்ம கெர்ரி.”

கெட்டில் கொதித்து அணைந்தது. டோரீன் எழுந்து போய் ஊற்றவில்லை.

“எந்தக் கெர்ரி?” என்றாள், இருந்தது ஒரே ஒரு கெர்ரிதான் என்று தெரியாதவள் போல.

அவன் சொன்னான். ரெக்கார்டர், டேப், மோஃபின், செருப்புப் பெட்டியில் ஒளித்து வைத்தது எல்லாவற்றையும். அறைந்ததை மட்டும் விட்டுவிட்டான். அவள் மேசைத் துணியின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“அவ குரல் எங்கேயுமே இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்,” என்றாள் கடைசியில். “பதினாலு வருஷம். எப்படி இருக்கும்னு மறந்தேபோச்சு எனக்கு. படுத்துக்கிட்டு ஞாபகப்படுத்திப் பாப்பேன், உன் குரல்தான் வரும். நீ மேல் ரூம்ல வெச்சுக்கிட்டிருந்திருக்கே.”

“மா…”

“பேசாத. எடுத்துட்டு வா.”

மாடிக்கு ஓடினான். செருப்புப் பெட்டியில் இருந்தது, அவனுடைய கோணல் எழுத்தில் ‘மோஃபின் – தொடாதே’ என்று எழுதிய அந்தக் கேசட். சமையலறை ரேடியோவின் கேசட் பகுதியில் போட்டு அழுத்தினான்.

ஓர் ஆண்குரல் உறுமியது. பாஸில்டன் மக்களே, ஞாயிறு மதியம், ஜன்னலைத் திற, அக்கம்பக்கம் கேட்கட்டும், புத்தம்புதுசு, நம்ம ஊர்ப் பையன் போட்டது. பின்னால் மேளம்.

ரஸ்ஸல் டேப்பை முன்னால் சுற்றிப் பார்த்தான், அதே உறுமல். இன்னும் சுற்றினான். திருப்பிப் போட்டான், அந்தப் பக்கம் எப்போதும் போல வெறும் இரைச்சல்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. மே மாதம் ஒரு ஞாயிறு, அடுக்குமாடி ஒன்றின் உச்சியிலிருந்து திருட்டுத்தனமாக ஒலிபரப்பும் வானொலிக்காரர்கள் அவன் பாட்டை முதல்முதலாகப் போட்டார்கள். தன் பாட்டு ரேடியோவில் வருகிறது என்ற தலைகால் தெரியாத சந்தோஷத்தில், ரெக்கார்டரில் எந்த டேப் கிடக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கிறான். ஜனவரியில் போட்ட டேப் அதிலேயே கிடந்திருக்கிறது; பிறகு கேட்டுப் பார்க்காமலே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டான். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை ஒடித்துவிட்டால் அதன்மேல் எதுவும் பதியாது. தன்னுடைய ரேவ் டேப்புகள் நூற்றுக்கும் பல்லை ஒடித்து வைத்திருந்தவன், இந்த ஒன்றுக்கு ஒடிக்கவில்லை. ஒன்பது வயதில் அவனுக்கு அது தெரியாது. அப்புறம் தோன்றவில்லை.

“எங்கடா அவ?” என்றாள் டோரீன்.

“மேல பதிஞ்சுட்டேம்மா.”

“அப்படின்னா?”

“அழிஞ்சுபோச்சு.”

அவள் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தியிருந்தால் தேவலாம்.

“வேற எங்கயும் இல்லியா?”

“சாம்ப்ளர் வாடகைதும்மா. டிஸ்க்கோட திருப்பிக் குடுத்தாச்சு, அதுமேல வேற எவனோ ஏத்தியிருப்பான். எங்க இருந்தாலும் அந்த ஒரு சொல்லுதான் இருக்கும். தட்டுல இருக்கறதுதான்.”

“அப்ப தட்டைப் போடு.”

கூடத்தில் அப்பா விட்டுப்போன பழைய பிளேயர் இருந்தது. வெள்ளைச் சிட்டைத் தட்டை வைத்தான். மேளம் வீட்டை உலுக்கியது. மோஃபின் கேட்டது, குழந்தை கீச்சென்றது. டோரீன் முகத்தைச் சுளித்தாள்.

“இது அவ இல்ல. ஏதோ எலி கத்துது.”

ஐந்து கட்டை ஏற்றியது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்தத் தட்டு நாற்பத்தைந்து வேகம். முப்பத்துமூன்றில் ஓட்டினால் கிட்டத்தட்ட அதே ஐந்து கட்டை இறங்கும். குமிழைத் திருப்பி ஊசியை மறுபடி வைத்தான். மேளம் நொண்டிக்கொண்டு வந்தது. குடிகாரன் மாடிப்படி ஏறுவது போல ஒரு தடுமாற்றம். அப்புறம் நின்றது.

‘கதவைத் தட்டுறது யாரு?’

“நான்தான்,” என்றாள் கெர்ரி, லேசான மூக்கடைப்போடு, அவசரத்தில் முதல் எழுத்தைப் பாதி விழுங்கிக்கொண்டு.

டோரீனின் கை நாற்காலியைத் தேடியது. உட்கார்ந்தாள். “சளி பிடிச்சிருந்துது,” என்றாள். “அந்த மாசம் முழுக்கச் சளி அவளுக்கு.” அப்புறம் அழுதாள். ரஸ்ஸல் பக்கத்தில் போகவும் தைரியமில்லாமல் தள்ளி நிற்கவும் முடியாமல் பிளேயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சொல்லச் சொல்ல ஏழு தடவை போட்டான்.

“இதுக்கு அப்புறம் என்ன சொன்னா?” என்று கேட்டாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. “நான் அடிச்சேம்மா. டேப்பைக் கெடுத்துட்டாளேன்னு. அழுதா. ரொம்ப நேரம் அழுதா. அதைக் கேக்க முடியாமத்தான் எப்பவும் அங்கயே நிறுத்திடுவேன்.”

டோரீன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அடித்ததற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வயதும் ஒன்பது வயதும் அடித்துக்கொள்ளாத வீடு எங்கே இருக்கிறது?

“அந்த அழுகையையாவது எனக்கு விட்டுவெச்சிருக்கக் கூடாதாடா,” என்றாள்.

அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. படிவத்தை எடுத்து மேசையில் வைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் வைத்தான். வியாழக்கிழமை இருக்கிறதே.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். குழந்தையின் பெயர். பிறந்த தேதி. தற்போதைய முகவரி. அந்த இடத்தில் விரல் நின்றது. படிவத்தை மடித்து அவனிடமே தள்ளினாள்.

“வேண்டாம்.”

“மா, இது வெளிய வந்தா நான் அந்தக் கிடங்கை விட்டுடலாம்மா.”

“வரட்டும். நல்லா வரட்டும். வேற ஏதாவது புள்ளையக் கத்த வை. இவ வேண்டாம். ஊரெல்லாம் கூடி இவ மேல ஏறிக் கத்துனது போதும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எத்தனை தட்டு அடிச்சீங்க?”

“ஐந்நூறு.”

“எல்லாத்தையும் எடுத்துட்டு வா.”

க்ளைவ் அன்று மாலை போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, “என் அக்கா பொண்ணு இருக்கா, ஆறு வயசு, நல்லாக் கத்துவா,” என்றான். பத்து நிமிட வேலைதான். அந்தப் பெண் நாலு தடவை ‘நான்தான்’ என்றாள், மூன்றாவது நன்றாக இருந்தது. அதை ஐந்து கட்டை ஏற்றி அந்த ஆறு நொடியில் வைத்தார்கள். ஆகஸ்டில் பாட்டு வெளிவந்தது, விறுவிறுவென்று ஏறியது, கடைத்தெருவில் கேட்டது, பேருந்தில் கேட்டது. ரஸ்ஸல் குளிர்கிடங்கு வேலையை விட்டான். ஆடுகிறவர்கள் முன்பு போலவே சேர்ந்து கத்தினார்கள். குரல் மாறியது ஒருவருக்காவது தெரிந்ததா? ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் அவனைத் தின்றது.

சனிக்கிழமைதோறும் வெள்ளைச் சிட்டைத் தட்டைத் தேடிக் கிளம்பினான். செம்ஸ்ஃபோர்ட், சவுத்எண்ட், இல்ஃபோர்ட். தட்டு ஓட்டுகிறவர்கள் கண்ணடித்துச் சிரித்தார்கள்.

“விலை ஏத்தறதுக்கு நீயே திரும்ப வாங்கறியா? கில்லாடிடா நீ. என்னோடதைத் தரமாட்டேன் போ.”

சிலர் கொடுத்தார்கள். பலர் கொடுக்கவில்லை. ஒருவன் பீர் கொட்டி, வெயிலில் கிடந்து வளைந்துபோன தன் தட்டை இனாமாகவே கொடுத்தான். டோரீன் அதையும் வாங்கித் துடைத்து, கெர்ரியின் சட்டைகள் இருந்த அலமாரியில் மற்றவற்றோடு நிற்க வைத்தாள். அக்டோபர் முடியும்போது அறுபத்துமூன்று சேர்ந்திருந்தன.

பள்ளியிலிருந்து வந்ததும் டோரீன் அதில் ஒன்றை எடுத்துப் போடுவாள், முப்பத்துமூன்றில், ஒரே ஒரு தடவை. மேளம் நொண்டும். மோஃபின் கேட்கும். கெர்ரி சொல்வாள். அவ்வளவுதான், டோரீன் ஊசியைத் தூக்கிவிடுவாள். பொம்மை உள்ளே கூப்பிடும் இடம்வரை அவள் ஒருநாளும் ஓடவிட்டதில்லை. “உள்ள வா கண்ணு,” என்று அவளே சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு சீவப் போவாள்.